வெள்ளை மூக்கி

பெண்கள் விடுதி, கட்டில் எண் 47
மசாகா
4 ஜூன் 2023

அன்புள்ள ப்ராஸி அக்காவுக்கு,

இந்த வருடம் நான் எழுதும் எல்லாக் கடிதங்களிலும் நடந்ததை நடந்தபடி, உண்மையை மட்டுமே எழுதப்போகிறேன். கடிதங்கள்தான் பிற்காலத்தில் சான்றுகள் ஆகும் என்று வரலாற்று டீச்சர் சொன்னார். அதனால் ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் நகல் எடுத்தும் வைக்கிறேன்.

நான் நலம். இருமல் போய்விட்டது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? துபாயில் பெரியம்மாவுக்கு வேலை பழகிவிட்டதா? இங்கே போன் வைத்திருந்தால் பிடுங்கிவிடுவார்கள். ஆகவே சலோங்கோ மாமாவின் வேன்தான் நமக்குத் தபால். ஞாயிற்றுக்கிழமை கம்பாலாவிலிருந்து வரும்போது கேட்டில் கொடுத்து, வாங்கிக்கொண்டு போகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பெரியம்மா ஊரில் இல்லாததால் நீ இனி கம்பாலா நத்தேத்தேயில் எங்கள் வீட்டிலிருந்தே பள்ளிக்குப் போவாய், என் கட்டிலில் தெண்டோவுடன் படுப்பாய், அவளுக்குப் பாடமும் சொல்லித்தருவாய் என்று அம்மா எழுதியிருந்தாள். மூன்றாவது விஷயம் பற்றித்தான் இந்தக் கடிதம்.

என் தங்கைக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தது நான். மூன்று வயதில் ஆரம்பித்தேன், இப்போது அவளுக்கு ஐந்து. அம்மா நர்சரிப் பிள்ளைகளின் பட்டமளிப்புக்கு அங்கி தைக்கும்போது மிஞ்சும் கறுப்புத் துண்டை என் முழங்காலில் விரிப்பேன். தெண்டோ என் மடியில் உட்காருவாள். நான் தையல் சாக்பீஸால் எழுதுவேன். அவள் குனிந்து, மூக்கு துணியில் படும் அளவுக்குக் குனிந்து, படிப்பாள். பாடம் முடியும்போது மூக்கு நுனி வெள்ளையாக இருக்கும். அதனால் அவளுக்கு வெள்ளை மூக்கி என்று பெயர். அந்தப் பெயரை நான் மட்டும்தான் சொல்லலாம். கணக்குக்கு சோடா மூடிகள், மொத்தம் 63, தகர டப்பாவில் இருக்கின்றன.

மெஷினுக்கு மேலே அம்மா ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்திருப்பாய். 2024 முதல் வகுப்பு, குன்றுப் பள்ளி. 2030 ஏழாம் வகுப்பு. 2037 பல்கலைக்கழகம். 2040 பெரிய அங்கி. எல்லாம் தெண்டோவுக்கு. என் பெயரில் அப்படி ஒரு தாள் இருந்ததில்லை. நான் நர்சரியின் கடைசி வகுப்பு, டாப் கிளாஸ், முடித்த வருடம் அம்மாவிடம் மெஷினே கிடையாது, நான் அங்கியும் போடவில்லை. குறையாகச் சொல்லவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் விடுமுறையில் வந்துவிடுவேன். அதுவரை அவளுக்குத் தெரிந்தது மறக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். புதிதாக ஒன்றும் வேண்டாம்.

அம்மாவுக்கு மண்டியிட்டு என் வணக்கம்.

கொரெட்டி

—

நத்தேத்தே
18 ஜூன்

அடி கொரெட்டி,

உன் சான்று வந்து சேர்ந்தது. நான் நலம். சித்தி நலம், அங்கி சீசன் இன்னும் வராததால் இடுப்பு வலியும் வரவில்லை. தெண்டோ நலம், தூக்கத்தில் உதைக்கிறாள். உன் கட்டிலில் நடுவே ஒரு பள்ளம், இரண்டு பேரும் அதற்குள் உருண்டு விழுகிறோம். உனக்கென்ன, எண் போட்ட கட்டில், நூலகம் எல்லாம். கொடுத்து வைத்தவள்.

குன்றுப் பள்ளியில் போய் விசாரித்தேன். முதல் வகுப்பில் சேர இன்டர்வியூ நவம்பரில். தரையில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். பிள்ளை கோட்டுக்குப் பின்னால் நிற்கும், டீச்சர் கரும்பலகையில் எழுதுவார், நின்ற இடத்திலிருந்தே படிக்க வேண்டும். அங்கே யாரும் மடி கொடுக்க மாட்டார்கள். ஆகவே எங்கள் பள்ளித் தச்சரிடம் கெஞ்சி ஓர் உடைந்த பலகை வாங்கி வந்து தையல் அறைச் சுவரில் மாட்டிவிட்டேன். கோடும் போட்டாயிற்று. தெண்டோ என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகவே.

ஆனால் கோட்டில் நின்றால் வாய் திறக்க மாட்டேன் என்கிறாள்.

"இது என்னடி எழுத்து?"

"நீங்களே சொல்லுங்க டீச்சர்."

"நான் சொன்னா அப்புறம் நான்தான் குன்றுப் பள்ளிக்குப் போகணும்."

"போங்க. எங்கம்மா உங்களுக்கு யூனிஃபார்ம் தைச்சுத் தருவாங்க."

பசு என்று எழுதினால் யோசிக்காமல் மீன் என்கிறாள். அதையே தாளில் எழுதிக் கையில் கொடுத்தால் சரியாகப் படிக்கிறாள். பிடிவாதம்தானே? உன்னிடமும் இப்படித்தானா? நீ அவளுக்கு இரண்டு வருடம் சொல்லிக்கொடுத்தவள், சொல்லு.

ப்ராஸி

—

மசாகா
2 ஜூலை

அன்புள்ள ப்ராஸி அக்காவுக்கு,

நான் நலம், உன் நலம் அறிந்தேன். விடுதியில் நான்கு பேருக்கு மலேரியா, எனக்கு இல்லை. அம்மா மாத்திரை சாப்பிடுகிறாளா?

உன் கடிதத்தில் டீச்சர் என்ற சொல் வந்த வரியை இரண்டு முறை படித்தேன். என்னை அவள் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் அக்கா, அவ்வளவுதான். அது சரியாகவும் இருக்கிறது.

உனக்கு உதவும் குறிப்புகள் சில. பாடத்துக்கு முன்னால் வறுத்த வேர்க்கடலை கொடு, பின்னால் கொடுத்தால் கடலையையே நினைத்துக்கொண்டிருப்பாள். வெயில் ஏறுவதற்கு முன் உட்கார வை. பாட்டாகச் சொன்னால் எதையும் பிடித்துக்கொள்வாள். சோடா மூடிகளில் துருப்பிடித்தது ஒன்று இருக்கிறது, அதைப் பத்தாவதாகத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுவாள். பச்சை ரிப்பன் வேண்டாம், சிவப்பு.

உன் கேள்விக்குப் பதில்: அவள் என்னிடம் ஒருநாளும் பிடிவாதம் பிடித்ததில்லை. இது முழு உண்மை.

கரும்பலகை பற்றி எழுத நினைத்தேன், ஜெபத்துக்கு மணி அடித்துவிட்டது. அம்மாவுக்கு என் வணக்கம்.

கொரெட்டி

—

மசாகா
2 ஜூலை, பிற்பகல்
(அனுப்பவில்லை. மெத்தைக்கு அடியில்.)

அன்புள்ள ப்ராஸி அக்காவுக்கு,

மணி அடிக்கவில்லை. நான் பொய் சொன்னேன். உண்மையை மட்டுமே எழுதுவேன் என்று சொன்னதால் இதைத் தனித் தாளில் எழுதுகிறேன்.

தெண்டோவுக்குத் தூரத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. பிடிவாதம் இல்லை. கோட்டிலிருந்து பார்த்தால் அவளுக்குப் பலகை வெறும் கறுப்பாகத்தான் இருக்கும்.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் வேன் நிலையத்தில் நாங்கள் அம்மாவுக்காகக் காத்திருந்தோம். மஞ்சள் கொமேசி உடை கட்டிய ஒரு பெண் எதிரே வந்தாள். தெண்டோ "அம்மா!" என்று ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். அம்மாவிடமும் ஒரு மஞ்சள் உண்டு, ஆனால் அன்று கட்டியிருந்தது நீலம். திரும்பி வந்து, "அம்மாகிட்ட சொல்லாதக்கா, சிரிப்பாங்க" என்றாள். மறுநாள் பத்தடி தள்ளி நின்று விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டேன். மூன்று என்றாள். ஒன்று காட்டினாலும் மூன்று, ஐந்து காட்டினாலும் மூன்று. நர்சரியில் அறுபது பிள்ளைகளும் சேர்ந்து கத்துகிறார்கள், அவளும் கத்துகிறாள். அங்கே யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்.

அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். அப்போது சொல்லாததற்குக் காரணம், அது எங்கள் இருவருக்கும் உள்ள ரகசியமாக இருந்தது. தூரத்தில் தெரியாத வரைக்கும் அவளுக்கு என் மடி வேண்டும். இப்போது சொல்லாததற்குக் காரணம் வேறு. இப்போது சொன்னால் நீ அவளைப் பலகைக்குக் கிட்டே விடுவாய். கிட்டே விட்டால் படிப்பாள். படித்தால் உன்னால் படித்ததாக ஆகிவிடும்.

என் கட்டிலில் நீ படுத்திருக்கிறாய், என் தங்கை உன்னை டீச்சர் என்கிறாள். அடுத்த ஞாயிறு இதை அனுப்புவேன்.

கொரெட்டி

—

நத்தேத்தே
23 ஜூலை

கொரெட்டி,

எல்லாரும் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

கடலை, சிவப்பு ரிப்பன், துருப்பிடித்த மூடி எல்லாம் செய்தாயிற்று. கோட்டில் நின்றால் கல். செவ்வாய்க்கிழமை சித்தி மெஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள். நான் 'வீடு' என்று எழுதினேன். தெண்டோ சிரித்துக்கொண்டே "மீன்" என்றாள். அவளுக்கு எல்லாமே மீன்தான்.

"யாரைடி கேலி பண்றே?" என்று சித்தி அளவு நாடாவை மடித்துக் காலில் இரண்டு வைத்தாள். அப்புறம் பலகையைப் பார்த்து மண்டியிட வைத்தாள், அரை மணி நேரம். தெண்டோ அழவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணைச் சுருக்கிக்கொண்டு. சித்தி போனபிறகு என்னிடம் கேட்டாள், "டீச்சர், எல்லாருக்கும் அதுல எழுத்து இருக்கா?"

அது என்ன கேள்வி? உனக்குப் புரிகிறதா? எனக்குப் புரியவில்லை.

சித்தி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள், குன்றுப் பள்ளியில் இடம் கிடைக்காவிட்டால் தெண்டோ இன்னொரு வருடம் டாப் கிளாஸிலேயே இருக்க வேண்டும், இந்த வருடம் அங்கி கிடையாது. வெட்டி வைத்த துணியை மடித்து அலமாரி மேல் போட்டுவிட்டாள்.

நீ சீக்கிரம் வா. நான் உன்னைக் கூப்பிடுவேன் என்று நினைக்கவில்லை.

ப்ராஸி

—

மசாகா
24 செப்டம்பர்

அன்புள்ள ப்ராஸி அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். கால் வலி இல்லை, வேனில் முன் இருக்கை கிடைத்தது. உன் நலமும் அம்மா நலமும் அறிய ஆவல்.

விடுமுறையில் நடந்ததைப் பதிவு செய்கிறேன். நான் வந்த மறுநாள் தெண்டோவை மடியில் வைத்துக் கறுப்புத் துணியை விரித்தேன். பசு, வீடு, கப்பல், மழை, தலையணை, பதினாறு சொற்கள், ஒரு பிழைகூட இல்லை. அம்மா வாயில் ஊசியோடு பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசியை எடுத்துவிட்டு உன்னிடம் சொன்னாள்: "பாத்தியா? இவ மடியில மழையாக் கொட்டுறா. ஒன் பலகை முன்னாடி நின்னா மண்ணாங்கட்டி. கொற பிள்ளைகிட்ட இல்லடியம்மா."

நான் சிரித்தது உண்மை. அம்மா சொன்ன விதத்துக்குச் சிரித்தேன், உன்னைப் பார்த்து இல்லை. நீ வெளியே போய்த் துவைத்த துணியையே மறுபடி துவைத்தாய். நான் கவனித்தேன்.

நான்கு வாரமும் அவளை மடியில் வைத்தே படிக்க வைத்தேன். பலகைப் பக்கம் ஒருநாளும் போகவில்லை. புறப்படும்போது வேன் வரைக்கும் வந்து என் பாவாடையை விடாமல் பிடித்துக்கொண்டாள். உன்னிடம் போகச் சொன்னதற்கு, "டீச்சர் வேணாம், அக்கா மடி" என்றாள். உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். எனக்கு இல்லை. உண்மையை எழுதுகிறேன்.

கொரெட்டி

—

மசாகா
8 அக்டோபர்

அன்புள்ள ப்ராஸி அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. மாமா வேனில் இரண்டு ஞாயிறு கேட்டுப் பார்த்தேன். "உங்கக்கா வாயில பூட்டு போட்டுட்டாம்மா, சாவியை நீதான் எங்கயோ வெச்சிருக்கேன்னு நினைக்கிறேன்" என்று சிரித்தார்.

இன்று பெற்றோர் பார்க்க வரும் நாள். காலை ஏழு மணிக்கே சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கேட்டைப் பார்த்தபடி இருந்தேன். மொத்தம் 212 குடும்பங்கள் வந்தன. வாழையிலையில் வெந்த கோழி, வாழைக்காய் மத்தோக்கே, சப்பாத்தி, தர்ப்பூசணி. எங்கள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அம்மா ஒரு துண்டுச் சீட்டு கொடுத்துவிட்டிருந்தாள்: நாற்பது அங்கிக்கு வேலை வந்திருக்கிறது, அதோடு தெண்டோவை ஒரு டியூஷனில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். தோழியின் அம்மா எனக்கும் ஒரு கோழிக்கால் வைத்தார். சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது.

என்னைக் குன்றுப் பள்ளிக்கு யாரும் கூட்டிப்போனதில்லை. நானாகப் படித்துத்தான் இங்கே வந்தேன். அவளுக்கு மட்டும் 2040 வரைக்கும் தாள்.

பதில் எழுது.

கொரெட்டி

—

நத்தேத்தே
22 அக்டோபர்

கொரெட்டி,

உடம்புக்கு ஒன்றுமில்லை. பதில் எழுதாததற்குக் காரணம் உனக்கே தெரியும்.

இன்டர்வியூ நவம்பர் 11, சனிக்கிழமை. தெண்டோ அன்று வாய் திறக்காவிட்டால் கிறிஸ்துமஸுக்குப் பிறகு என்னை மித்யானாவுக்கு, மாடு வளர்க்கும் எங்கள் மாமா வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று சித்தி பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கதவுக்குப் பின்னால்தான் இருந்தேன். அங்கே போனால் பள்ளி முடிந்தது, மாமாவின் மாடுகள்தான். அம்மா துபாயில், நான் யாரிடம் சொல்ல?

சித்தி சுவர்த் தாளை எடுத்து எல்லா வருடத்தையும் பென்சிலால் ஒன்று கூட்டிவிட்டாள். 2040 இப்போது 2041.

இன்னொன்று. அதற்காகத்தான் எழுதுகிறேன். டியூஷன்காரர், "இந்தப் பிள்ளைக்குத் தலையில ஒண்ணும் நிக்காது" என்று தெண்டோ காதுபடவே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து படுக்கும் முன் மண்டியிட்டு ஜெபம் செய்கிறாள். நேற்று காது கொடுத்துக் கேட்டேன்.

"சாமி, என் தலை நல்லால்ல. கொரெட்டி அக்கா தலைய எனக்குக் குடு. அக்காவுக்கு வேற குடு."

நீ ஜெயித்துவிட்டாய். போதுமா?

ப்ராஸி

—

மசாகா
5 நவம்பர்

ப்ராஸி அக்கா,

இதற்குள் வைத்திருக்கும் தாளை முதலில் படி. தேதியைப் பார். ஜூலை 2. அதை மெத்தைக்கு அடியில் நான்கு மாதம் வைத்திருந்தேன். விடுமுறைக்கு வந்தபோதும் பெட்டியில் கொண்டுவந்து, திரும்ப எடுத்துப் போனேன். உன் கடிதம் வந்த பிறகு, போன ஞாயிறும் மாமா வந்தார். அன்றும் கொடுக்கவில்லை. கேட்டருகில் நின்றேன், தாள் கையிலேயே இருந்தது, கை நீளவில்லை.

அவள் தலை நல்ல தலை. என்னுடையதைவிட நல்லது. பார்க்காமலே அறுபது பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு வருடம் சமாளித்திருக்கிறாள்.

கிட்டே போகலாம் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அதைச் சொல்லு. ஆறு நாள் இருக்கிறது.

நலமா என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை.

கொரெட்டி

—

நத்தேத்தே
12 நவம்பர்

கொரெட்டி,

இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம்.

உன் தாளைப் படித்ததும் கிழிக்கப் பார்த்தேன். பிறகு சித்தியின் மஞ்சள் கொமேசியைக் கட்டிக்கொண்டு தெருக்குழாயடியில் போய் நின்றேன். வாசலிலிருந்து தெண்டோ "அம்மா, தாகமா இருக்கு" என்று கத்தினாள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஐந்து மாதம் நான் அந்தப் பிள்ளையைக் கோட்டில் நிற்க வைத்திருக்கிறேன்.

சித்தியிடம் சொன்னேன். எங்கள் பள்ளி நர்ஸ் சந்தேகப்பட்டதாகச் சொன்னேன், உன் பெயரைச் சொல்லவில்லை. சித்தி மெஷின் சக்கரத்தில் கை வைத்தபடியே இருந்தாள். "நாடாவால அடிச்சேனேடி," என்றாள். "அவளுக்குத் தெரியலைன்னு அவளுக்கே தெரியாதே." மறுநாளே மாதா கோயில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். கனமான கண்ணாடி வேண்டுமாம், டிசம்பரில்தான் வரும். அதற்குள் சனிக்கிழமை வந்துவிடுமே.

அதனால் மிச்ச நாளில் எழுத்து சொல்லித்தரவில்லை. நடக்கச் சொல்லித்தந்தேன்.

"கூப்பிட்டதும் மண்டிபோட்டு வணக்கம் சொல்லு. 'டீச்சர், நான் கிட்ட வரணும்'னு கேளு. கேட்டுட்டு நட."

"கோட்டைத் தாண்டினா அடிப்பாங்களே."

"அடிச்சா என்னைக் கூப்பிடு. நான் வந்து அவங்களை மண்டிபோட வைக்கிறேன்."

"நெஜமா?"

"நெஜமா."

நேற்று நானும் சித்தியும் ஜன்னலுக்கு வெளியே நின்றோம், கம்பியில் நெற்றி பதிய. பெரிய டீச்சர் மூன்று வரி எழுதினார். தெண்டோ மண்டியிட்டு வணக்கம் சொன்னாள், எழுந்தாள், கேட்காமலே நடந்துவிட்டாள்.

"ஏய், யாரு கூப்பிட்டா? கோட்டுக்குப் பின்னாடி போ."

போய்விட்டாள். சித்தி என் கையைக் கிள்ளிய இடம் இன்னும் கன்றியிருக்கிறது. தெண்டோ கோட்டில் நின்று எங்கள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். அவளுக்கு என் முகம் தெரிந்திருக்காது. மறுபடி மண்டியிட்டாள்.

"டீச்சர், இங்கேர்ந்து பார்த்தா அது வெறும் கறுப்பு. நான் கிட்ட வரணும்."

அந்த அம்மா தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், பலகையைப் பார்த்தார், திரும்ப மாட்டிக்கொண்டார். "வா" என்றார். ஒரு நாற்காலியையும் இழுத்துப் போட்டார். தெண்டோ அதில் ஏறிப் பலகையில் மூக்கை வைத்தாள். மூன்று வரியும் படித்தாள். அதோடு நிறுத்தினால்தானே? மூலையில் எழுதியிருந்த தேதி, பழைய வாய்ப்பாட்டின் அழிந்த பாதி, பலகை செய்தவர் செதுக்கிய பெயர் வரைக்கும் படித்துவிட்டுத் திரும்பினாள். மூக்கு நுனியில் வெள்ளை. பெரிய டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார்.

"யாரும்மா உனக்குப் படிக்கச் சொல்லிக்குடுத்தது?"

"ப்ராஸி டீச்சர்."

உனக்கு உண்மைதானே வேண்டும், அதனால் எழுதுகிறேன். உன் பெயரைச் சொல்லவில்லை.

சாயங்காலம் கேட்டில் பட்டியல் ஒட்டினார்கள். ஒன்பதாவது பெயர். சித்தி வீட்டுக்கு வந்ததும் அலமாரி மேலிருந்து துணியை எடுத்தாள், பென்சில் எண்களை ரப்பரால் அழித்தாள்.

உன் ஜூலைக் கடிதம் உன் கட்டில் பள்ளத்தில், மெத்தைக்கு அடியில் இருக்கிறது. டிசம்பரில் வந்து நீயே சித்தியிடம் கொடு, அல்லது கொடுக்காதே. அந்தப் பிள்ளை அரை மணி நேரம் மண்டியிட்டதை நான் மறக்க மாட்டேன். ஆனால் உன்னைத் திட்ட உட்கார்ந்தால் பேனா நகரவில்லை. ஆறு மாதமாக உன் கட்டிலில் படுத்துக்கொண்டு, நீ திரும்பியே வராமல் இருந்தால் என்ன என்று நான் நினைத்த இரவுகள் உண்டு. அது எப்படிப்பட்ட சாமான் என்று எனக்கும் தெரியும்.

ப்ராஸி

—

கட்டில் எண் 47
12 நவம்பர், இரவு

அன்புள்ள ப்ராஸி அக்காவுக்கு,

உன் கடிதம் மதியம் கிடைத்தது. உடம்பு நலம். நீயும் நலமாக இரு, கன்றிய கைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

சந்தோஷமாக இருக்கிறேன் என்று மட்டும் எழுதலாம் என்று ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்தேன். நடந்தது இதுதான். "ப்ராஸி டீச்சர்" என்ற இடத்தை நான்கு முறை படித்தேன். கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டேன், ரத்தம் வந்தது. போஷோக் களியும் பீன்ஸும் வாங்க வரிசையில் நின்றபோதும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வருடம், 63 மூடி, என் மடி, அவள் உன் பெயரைச் சொன்னாள். தட்டைக் கழுவும்போதுதான் நாற்காலி நினைவு வந்தது. அவள் அதில் ஏறி நின்று, யாரும் கேட்காத தேதியைக்கூடப் படித்திருக்கிறாள். அப்போது சிரித்தேன். பக்கத்தில் நின்றவள், "என்ன, வீட்டிலேர்ந்து கோழி வந்திருக்கா?" என்றாள். என் சந்தோஷம் அவ்வளவு தாமதமாகத்தான் வந்தது. வந்துவிட்டது என்பதையும் எழுத வேண்டும்.

இதனுடன் அம்மாவுக்கு ஒரு கடிதம் இருக்கிறது. ஒட்டவில்லை, நீ படிக்கலாம். ஜூலைத் தாளையும் எடுத்து இரண்டையும் சேர்த்து அம்மாவிடம் கொடுத்துவிடு. டிசம்பர் வரைக்கும் வைக்காதே, என்னைப் பற்றி எனக்குத் தெரியும், வந்ததும் எடுத்து ஒளித்துவிடுவேன். படித்தபிறகு அம்மா என்னை எப்படிப் பார்ப்பாள் என்று தெரியவில்லை. அடுத்த முறையும் பார்க்க வராமல் போகலாம். மித்யானாவுக்கு உன்னை அனுப்பக் கூடாது என்றும், குறை பிள்ளையிடம் இல்லை என்று உன்னைச் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறேன்.

தெண்டோவிடம் சொல், தலையை மாற்ற வேண்டாம் என்று. பட்டமளிப்பு அன்று அங்கியில் அவளைப் போட்டோ எடுத்தால் எனக்கு ஒன்று அனுப்பு. நீ பக்கத்தில் நிற்கும் போட்டோவானாலும் பரவாயில்லை. அது முழுக்க உண்மை இல்லை. ஆனாலும் அனுப்பு.

வெள்ளை மூக்கி என்று இனி நீயும் கூப்பிடலாம்.

அந்தக் கோடியிலிருந்து விளக்கணைக்க விடுதி லீடர் வந்துகொண்டிருக்கிறாள், சுவிட்ச் கதவருகில். இன்னும் ஒரு வரி எழுத வேண்டும். கட்டில் பள்ளத்தில் நீ சுவர்ப் பக்கம் படுத்துக்கொள், அங்கேதான் உதை குறைவு. எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துவிடு, தாளில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்துதான் இதை எழுதுகிறேன். விளக்கை அணைத்துவிட்டார்கள்.

கொரெட்டி